பூட்டிய வீட்டுக்குப் போட்ட கணக்கு

எய்யா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் உன் நலம் எனக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் தெரிந்துவிடுகிறது. என் நலத்தை என்னைக் கேட்காமலே நீ முடிவு செய்துவிட்டாய். இதில் ஆவல் எங்கிருந்து வரும்? நேரே விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் செக்கப்புக்கு இரண்டு வாரம் என்று, அவரையும் என்னையும் பெங்களூருக்கு அழைத்துப் போக வருகிற ஞாயிற்றுக்கிழமை கார் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாய். அனுப்பாதே. காரணத்தை எழுதுகிறேன், பொறுமையாகப் படி. இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். "வீட்டு விஷயத்தை இப்படி ஊரறியப் போடலாமா" என்று கோபப்படாதே. ஊருக்கெல்லாம் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல் இருந்த விஷயம் இது. நான் எழுதித்தான் அது வெளியே போக வேண்டும் என்றில்லை.

சோலார் வைக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான், நினைவிருக்கிறதா? ஆற்றில் வெள்ளம் வந்த அந்த மார்கழியில் சேரன்மகாதேவி முழுக்க கரண்ட் இல்லை. அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் ஊமையாகிவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின்தான், ஆனால் கரண்ட் இல்லையென்றால் அது வெறும் பெட்டி. வீட்டில் இருந்த ஒற்றை சிலிண்டரை வைத்து ஓட்டினோம். அதன் முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட காலையில், பக்கத்து வீட்டு அண்ணாச்சி டிராக்டரில் தண்ணீரைக் கடந்து போய் இன்னொரு சிலிண்டர் கொண்டுவந்தார். அவர் திரும்பி வரும்வரை அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி, இரண்டு கையையும் முட்டில் ஊன்றிக்கொண்டு, மூச்சை எண்ணி எண்ணி இழுத்துக்கொண்டிருந்தார். நான் விசிறியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். விசிறியில் ஆக்சிஜன் வராது என்று பெண்பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை.

நம் தெருவில் அரசு மானியத்தில் மாடியில் பேனல் போட்ட வீடுகள் இரண்டு உண்டு. அவர்களும் அந்த வாரம் இருட்டில்தான் கிடந்தார்கள். அப்போது நீதான் போனில் விளக்கினாய்: "அம்மா, அதெல்லாம் ஈபி போர்டு லைனோட சேந்தது. லைன் போச்சுன்னா அதுவும் நின்னுரும். நமக்கு பேட்டரி வச்சதுதான் சரிப்படும். நான் கணக்குப் போட்டுத் தாரேன்." கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. கடைக்குப் போனாலும், பஸ்ஸுக்கு நின்றாலும், "எம் மவன் கணக்குப் போடுதான், அவன் போட்டா பெசகாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நானே போட்டிருக்கலாம். எத்தனை வாட், எத்தனை மணி நேரம், பெருக்கிக் கூட்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. போடவில்லை. மகன் போட்டுத் தருகிற கணக்கு இனிக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய்: "அம்மா, நீங்க ரெண்டு பேரும் வெளியூர் போனா வீட்டுல என்னென்ன ஓடணும்?" நானும் வெள்ளந்தியாகச் சொன்னேன்: "வாசல் லைட் எரியணும்யா. இல்லன்னா ஆளில்லன்னு தெரிஞ்சு போவும்." நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். மெஷின் எத்தனை வாட் என்று நீ கேட்கவே இல்லை. உனக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மெஷினை வாங்கித் தந்தவனே நீதானே.

போன வாரம் வீரவநல்லூரிலிருந்து சுடலை சாமான்களோடு வந்தான். நம் பக்கத்து ஊர்களில் சோலார் மாட்டுகிறவன், உன் வயதுதான் இருக்கும். வண்டியிலிருந்து ஒரு பேனல் இறங்கியது. ஒரு பேட்டரி இறங்கியது. பிறகு ஒரு சின்ன அட்டைப்பெட்டி. மற்றதெல்லாம் அடுத்த நடையில் வரும் போலிருக்கிறது என்று நான் மோர் கலக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அவன் வாசல் தூணில் ஏணியைச் சாத்தி, அட்டைப்பெட்டியில் இருந்த காமிராவை மாட்டிக்கொண்டிருந்தான். "மிச்ச பேட்டரி எப்ப வரும் சுடல?" என்று கேட்டேன். "மிச்சமா? அவ்வளவுதான டீச்சர்" என்றான்.

பேட்டரியின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைக் குனிந்து படித்தேன். பன்னிரண்டு வோல்ட், நூற்றைம்பது ஆம்பியர் மணி. பெருக்கினால் இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், ஆகவே கைக்குக் கிடைப்பது ஒரு யூனிட் கூட இல்லை. அப்பாவின் மெஷின் முந்நூற்றைம்பது வாட். ராத்திரி எட்டு மணிக்கு மாட்டினால் காலை ஆறு வரை ஓட வேண்டும். மூன்றரை யூனிட் வேண்டிய இடத்தில் முக்கால் யூனிட்டும் சொச்சமும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. இரண்டு மணி நேரத்தில் மெஷின் நின்றுவிடும், மீதி நேரத்துக்கு மறுபடி நானும் விசிறியும்தான். உன் மேல் சந்தேகமே வரவில்லை எனக்கு. கடைக்காரன்தான் ஏமாற்றிவிட்டான் என்று சுடலை மேல் பாய்ந்தேன். "எம் மவன் இப்பிடியா கணக்குப் போட்டுக் குடுப்பான்? அவரு மெஷினுக்கு இது எப்பிடிக் காணும்? எந் தலையில மொளகா அரைக்கியா?"

பாவம், அவன் ஏணியை விட்டு இறங்கிவிட்டான். "டீச்சர், என்னயப் போட்டு ஏசாதீங்க. ஆளில்லாத வீடுன்னுதான அண்ணன் சொன்னாவ. காமிரா, வைஃபை, வாசல் லைட்டு. மூணுதான் லோடு, ஆளு இருக்க மாட்டாவன்னாவ. அதுக்கு இது தாராளம்லா?" என்றான். என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை, உடனே குரலைத் தாழ்த்தி, "ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டான்.

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். காமிராவும் வைஃபையும் நாள் முழுக்க, வாசல் விளக்கு பொழுது சாய்ந்து விடிகிறவரை. முக்கால் யூனிட் கூட வராது. வெயில் இல்லாமல் ஒரு நாள் போனாலும் தாங்கும். ஒரு பேனல் அதை நிரப்பவும் காணும். கணக்கு கச்சிதம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, அப்படி. என் மகன் கணக்கில் பிசகவில்லை. பூட்டிய வீட்டுக்குச் சரியாகப் போட்டிருக்கிறான். அந்த வீட்டுக்குள்ளே அடுப்பில் உலையை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன் நான்.

எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லவா? அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது. ஒரு வேலைக்காரன் முன்னால், என் வீட்டில் நான் இனி இருக்கப் போவதில்லை என்பதை நானே பேட்டரியைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவனிடம் "ஆமாமா, மறந்துட்டேன்" என்று சமாளித்து மோர் கொடுத்தேன். அவனும் நம்பினது போல் குடித்தான்.

உள்ளே வந்து அப்பாவிடம் கேட்டேன். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பேப்பர் பிடித்தால் ஏதோ மறைக்கிறார் என்று நாற்பது வருஷத்துக்கு மேலாக எனக்குத் தெரியும். "செக்கப்புக்கு ரெண்டு வாரம்னுதான சொன்னிய? இது என்ன?" என்றேன். "இந்தா பாரு, கத்தாத" என்றார். நான் இன்னும் கத்த ஆரம்பிக்கவே இல்லை. பிறகு பைய பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார்: "அவன் பக்கத்துப் பிளாக்குலயே கீழ்வீடு ஒண்ணு பாத்துட்டான். ஆஸ்பத்திரி நடக்கிற தூரமாம். மொதல்லயே சொன்னா நீ வர மாட்டன்னு அவனுக்குப் பயம். அங்கன போயி ரெண்டு வாரம் இருந்தா பழகிரும்னு சொன்னான்." நான் கேட்டேன்: "நீங்க என்ன சொன்னிய?" அவர் மடித்த பேப்பரை மறுபடி விரித்தார். அவர் சொல்லாவிட்டால் தெரியாதா? சரி என்றிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில் நீ பூசணிக்காய் கொண்டுவந்தாய், அவர் சோறு போட்டார்.

பாளையங்கோட்டையில் உன் அத்தைக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "மைனி, தெரிஞ்சு போச்சாக்கும்? சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான் ஒங்க மவன். ஒரு ஸ்வெட்டர் வாங்கி வச்சிருக்கேன் ஒங்களுக்கு, அங்கன குளிருமாம்லா" என்றாள். என் நாத்தனார் எனக்கு ஸ்வெட்டர் வாங்கி பீரோவில் வைத்திருக்கிறாள். நான் எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியாது. இதைவிட ஒரு கேலி உண்டா?

எய்யா, ஒன்று கேட்கிறேன். நீ என்னிடம் எதை நேரே சொல்லி நான் தடுத்திருக்கிறேன்? படிப்பை முடித்துவிட்டு உள்ளூரில் கிடைத்த வேலை வேண்டாம், பெங்களூர் போகிறேன் என்றாய். நான் அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். "போய்ட்டு வா, முதச் சம்பளத்துல எனக்கு ஒரு நல்ல மிக்ஸி வாங்கிக் குடு" என்றேன். வேறு சாதியில் பெண் பார்த்திருக்கிறேன் என்று வந்து நின்றாய். அதையும் இதே அடுக்களையில்தான் சொன்னாய். உன் அத்தை இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று கிளம்பியபோது, தெருவில் இறங்கி அவளோடு சண்டை போட்டது யார்? அப்பா அன்றைக்கும் பேப்பர்தான் படித்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நாளும் நீ பயந்துகொண்டேதான் வந்தாய், ஆனாலும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். இப்போது நாற்பது வயதில், நல்ல உத்தியோகத்தில், எதைப் பார்த்துப் பயந்தாய்?

நீ செய்ய நினைத்தது கெட்ட காரியம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் நுரையீரல் எவ்வளவு மிச்சம் என்று உனக்கும் எனக்கும் ஒரே டாக்டர்தான் சொன்னார். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது நல்லதுதான். இந்த ஊரை விட்டால் உயிர் போய்விடும் என்று நான் ஒன்றும் தூணைக் கட்டிப்பிடித்து அழுகிறவள் இல்லை. நீ கேட்டிருந்தால் நான் வந்தாலும் வந்திருப்பேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன், அடுப்புச் சாமான் எதையெல்லாம் எடுத்துக்கொள்வது என்று சண்டை போட்டிருப்பேன், பிறகு வண்டியில் ஏறியிருப்பேனோ என்னவோ. அது இனி எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்துவிட்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இதில் இன்னொன்றையும் நீ யோசிக்கவில்லை. கார் வருகிற நாளுக்கு முன்னால் மழை வந்து லைன் போயிருந்தால்? பாபநாசம் மலைப்பக்கம் கறுத்தால் இங்கே எதுவும் நடக்கும். மாடியில் சோலார் இருக்கிறது என்ற தைரியத்தில் நான் சிலிண்டர் கூட நிரப்பி வைத்திருக்க மாட்டேன். மகன் போட்ட கணக்கு என்று மெஷினை அதில் மாட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். இரண்டு மணி நேரத்தில் அது நின்றிருக்கும். இந்த இடத்தை மட்டும் நீ இரண்டு தடவை படி.

உனக்குப் பள்ளிக்கூடக் கால்சட்டை தைக்கக் கொடுக்கும்போது டெய்லரிடம் உள்மடிப்பு நிறைய விடச் சொல்வேன். வளர்கிற பிள்ளை, வருஷத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்து விடலாம் என்று. பேட்டரிக் கணக்கும் அதே மாதிரிதான். இன்றைக்கு எவ்வளவு வேண்டும் என்று மட்டும் பார்த்தால் காணாது. வெயில் இல்லாத ஐப்பசி, கார்த்திகையையும் பார்க்க வேண்டும். நெல் அறுக்கிற மாதத்தில் அறுப்பு மிஷின் கிளப்புகிற தூசி பேனலில் படிந்து பாதி வெயிலைத் தின்றுவிடும், அதையும் பார்க்க வேண்டும். வருஷம் போகப் போக பேட்டரி தளரும், ஆளும் தளருவார், அதற்கும் சேர்த்து விட வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் வாட்டைப் பெருக்கி என்ன பிரயோசனம்?

ஆகவே கணக்கை நான் போட்டேன். மறுநாளே சுடலையைத் திரும்ப வரச் சொல்லி இருவரும் உட்கார்ந்து பேசினோம். ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எல்லாம் போர்டு கரண்டிலேயே கிடக்கட்டும் என்றேன். லைன் போனால் மாவு ஆட்டாமல் ஒரு நாள் உப்புமா சாப்பிடுவோம். மெஷின், இரண்டு மின்விசிறி, மூன்று விளக்கு, இவை மட்டும் தனி லைன். இரண்டு நாள் வெயில் முகமே காட்டாவிட்டாலும் மெஷின் நிற்கக் கூடாது. அதற்கு லித்தியம் பேட்டரி இரண்டு, சேர்த்துப் பத்து யூனிட். மாடியில் ஆறு பேனல். "ஆறு எதுக்கு டீச்சர், நாலே காணும்லா" என்றான் அவன். மேகம் மூடிய நாளில் மூன்றில் ஒரு பங்குதான் வரும், அந்த ஒரு பங்கிலும் மெஷின் ஓட வேண்டும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஆறு பேனலுக்கு இடம் அளந்தான். தென்கிழக்கு மூலையில் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் விழுகிறது என்று சொல்லி அவன்தான் பேனலை மேற்கே தள்ளி வைத்தான். அது எனக்குத் தோன்றியிருக்காது. செலவைப் பற்றி நீ பேச வேண்டாம், எனக்கு ஓய்வூதியம் வருகிறது.

வேலை முடிந்த அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டதும் அப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்து மூக்கில் குழாயை மாட்டினேன். மெஷினை ஓடவிட்டு, நான் மெயினை இறக்கப் போனேன். "எதுக்குட்டி இப்ப? வேண்டாம்" என்றார். வெள்ளத்தில் பட்ட பயம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. எனக்கும் இருந்தது. ஆனாலும் இறக்கினேன். ஃபிரிட்ஜ் அடங்கியது. அடுக்களை விளக்கு போயிற்று. மெஷின் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பிறகு பேப்பரை எடுத்தார். மறுநாள் காப்பி போடுகிறவரை மெயினை நான் ஏற்றவில்லை. மெஷின் ஒரு தடவை கூடத் தடுமாறவில்லை.

அந்தக் காப்பியைக் கொடுக்கும்போதுதான் அவரிடம் கேட்டேன். "நீங்க அவங்கூடப் போறதுன்னா போங்க. நான் தடுக்கல. எம் முகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "போணும்னா ரெண்டு பேரும் சேந்துதான் போவணும். அத அவங்கிட்ட நீயே பேசிரு. அவங்கிட்ட ஒண்ணு, ஒங்கிட்ட ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் பொய் சொல்லி எனக்கு மூச்சு வாங்குது" என்றார். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரை அவ்வளவோடு விட்டேன், ஏனென்றால் அவர் கடைசியில் நேரே சொன்னார்.

உன்னை அப்படி விட முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீ நிம்மதியாகத் தூங்குவாய் என்று தெரியும். ஆனால் அது பொய், இந்த வீட்டில் கொஞ்ச நாளாகப் போதுமான அளவு பொய் சொல்லியாகிவிட்டது. நீ என்னை ஏமாற்றினாய் என்பது எனக்கு இன்னும் சோற்றில் கல் போலக் கடிபடுகிறது. அது கரைகிறபோது கரையட்டும், அவசரம் இல்லை. பெங்களூர் வருவதா வேண்டாமா என்பதைப் பேசலாம். நான் முடியாது என்று இன்னும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. என்னிடம் இதுவரை யாரும் கேட்கவே இல்லையே. அதைப் போனில் கேட்காதே, உன் அத்தை வழியாகவும் கேட்காதே. காரை அனுப்பாமல் நீயே ரயிலேறி வா. அடுக்களையில் வந்து நின்று கேள், முன்பு இரண்டு தடவை வந்து நின்றாயே, அதே மாதிரி.

நீ அனுப்பின பேட்டரியையும் ஒற்றைப் பேனலையும் சுடலை திருப்பி எடுத்துப் போய்விட்டான், ஆளில்லாத வீடு எங்கேயாவது இருந்தால் மாட்டிக்கொள்ளட்டும். வாசல் காமிராவையும் கழற்றச் சொல்லிவிட்டேன். என் கணக்கில் அதற்கு இடம் இல்லை. இனி உன் போனில் நம் வாசல் தெரியாது. நாங்கள் இருக்கிறோமா என்று பார்க்க வேண்டுமானால் வந்து கதவைத் தட்டு. உள்ளே ஆள் இருக்கிறது.

அம்மா